டெக்னிக்கல் டெப்ட்: 'நிரலடகு' சரிப்படுமா?

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம். மென்பொருளில் அவசரத்துக்குக் குறுக்குவழியில் நிரல் எழுதிவிட்டு, அதைச் சரிசெய்யும் வேலையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுவதால் சேரும் சுமையை ஆங்கிலத்தில் டெக்னிக்கல் டெப்ட் என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச் சொல் தேடும் நம் உரையாடலில் நண்பர்கள் எழுதியவற்றை மேற்கோளாகத் தந்து பதில் சொல்கிறேன்.

> நுட்பக் கடன் என்றே வைத்துவிடலாமே, மூலச் சொல்லுக்கு நேராக இருக்கிறது.

நேராகத்தான் இருக்கிறது. ஆனால் நமக்குக் கடன் என்றால் வாங்கிய பணம் மட்டுமா? காலைக்கடன், நேர்த்திக்கடன், நன்றிக்கடன் எல்லாம் செய்து தீர்க்க வேண்டிய கடமைகள். எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த பெண், "நுட்பக் கடன் என்றால் நாம் தினமும் செய்ய வேண்டிய வேலையா?" என்றே கேட்டார்.

கடன் என்ற இந்த உவமையை 1992-இல் சொன்னவர் அமெரிக்க நிரலர் வார்டு கன்னிங்ஹாம். அப்போது அவர் முதலீட்டுக் கணக்குகளுக்கான வைகேஷ் என்ற மென்பொருளில் வேலை பார்த்தார். கொஞ்சம் கடன் வாங்கினால் வேலை வேகமாக நடக்கும், சீக்கிரமே திருத்தி எழுதி அடைத்துவிட்டால் பாதகமில்லை, அடைக்காதவரை வட்டி ஏறும் என்று பணத்தின் மொழியிலேயே விளக்கினார். நாமும் நம் வீடுகளில் புழங்கும் பணத்தின் மொழியில் சொல்லலாம். என் பரிந்துரை: நிரலடகு.

அம்மாவின் இரண்டு வளையல்கள் என் கல்லூரிக் கட்டணத்துக்காக அடகுக்குப் போயின. ஒவ்வொரு வருடமும் அப்பா வட்டியை மட்டும் கட்டி, மாற்றி வைத்துவிட்டு வருவார். சீட்டு புதிது, வளையல் அதே வளையல். நான்கு வருடம் இப்படியே போனது. நான் வேலைக்குச் சேர்ந்து ஏழாவது மாதம் போய்த் திருப்பிக்கொண்டு வந்தேன். அதுவரை சொந்தக்காரர் கல்யாணங்களுக்கு அம்மா கண்ணாடி வளையலோடுதான் போனார்.

சென்ற வாரம் பழைய நிரல் ஒன்றைத் திறந்தபோது இது நினைவுக்கு வந்தது. மூன்று வருடத்துக்கு முன் அவசரத்தில் வரி விகிதத்தை நிரலுக்குள்ளேயே எழுதியிருக்கிறேன். பக்கத்தில் "அப்புறம் மாற்ற வேண்டும்" என்று என் குறிப்பு. விகிதம் மாறும்போதெல்லாம் பதினோரு இடங்களில் தேடித் திருத்தியிருக்கிறோம். வட்டி கட்டி மாற்றி வைப்பது என்பது இதுதானே?

> அடகு என்றால் ஒரு பொருளை ஈடாகக் கொடுக்க வேண்டும். இங்கே எதைக் கொடுக்கிறோம்?

நல்ல கேள்வி. நிரலின் செம்மையைக் கொடுக்கிறோம், கைக்கு வருவது அவகாசம். அடகில் இருக்கும் வளையலைப் போட்டுக்கொள்ள முடியாது. அந்த வரிப் பகுதியிலும் அப்படித்தான், புது வசதி எதையும் சேர்க்க முடியவில்லை. கடன் என்ற சொல்லில் இந்த இழப்பு தெரிவதில்லை.

பெரிய உதாரணம் வேண்டுமென்றால் 2000-ஆம் ஆண்டுச் சிக்கல். நினைவகம் விலை அதிகமாக இருந்த காலத்தில் ஆண்டை இரண்டே இலக்கத்தில் சேமித்தார்கள்; 00 என்றால் 1900-ஆ, 2000-ஆ என்று கணினிக்குத் தெரியாமல் போகும் நிலை வந்தது. 1990களின் கடைசியில் அதைத் திருப்பும் வேலையில் சென்னையிலிருந்து போன நிரலர்கள் பலர் இருந்தார்கள். 32 பிட்டில், அதாவது 32 இரும இலக்கங்களில், நேரத்தை எண்ணும் கணினிகளுக்கு அடுத்த தவணை 2038 ஜனவரி 19; அன்று எண்ணிக்கை அந்த இடத்துக்குள் அடங்காமல் போகும்.

சங்கப் பாடல்களில் அடகு என்றால் கீரை என்று ஒருவர் நினைவூட்டியிருந்தார். உண்மைதான், ஆனால் இன்று குழப்பம் வராது.

நிரலின் செயல் மாறாமல் அதன் உள்ளமைப்பைச் சீராக்கி எழுதும் ரீஃபேக்டரிங்குக்குத் 'திருப்புதல்' என்று மட்டும் சொன்னால் பள்ளித் திருப்புதல் தேர்வு நினைவுக்கு வரும். 'அடகு திருப்புதல்' என்று சேர்த்தே சொல்வோம். மறுசீரமைப்பு என்ற சொல் ஏற்கெனவே எல்லாவற்றுக்கும் ஓடிக் களைத்திருக்கிறது.

இலங்கை நண்பர்களிடம் ஒரு கேள்வி. அடகு வைப்பதை நீங்கள் அடைவு வைப்பது என்பீர்கள். இங்கே அடைவு என்றால் பரதநாட்டிய அடைவுதான் முதலில் தோன்றும், அதனால்தான் அடகு என்கிறேன். 'நிரலடகு' உங்கள் காதுக்கு ஒட்டுகிறதா, அந்நியமாக இருக்கிறதா? உங்கள் பதிலைப் பார்த்துவிட்டுத்தான் சொற்பட்டியலில் சேர்ப்பேன்.