டபுள் கெப்பில் படகு ரெய்லர்: பி லைசன்ஸ் போதுமா? ஓடும்போது வால் ஆட்டுவது ஏன்?

திருக்கோவில் கரை:
வாடை தொடங்கினால் எங்கள் கரையில் படகு இறக்க ஏலாது. அதற்கு முதல் 18 அடி ஃபைபர் படகை மட்டக்களப்பு வாவிப் பக்கம் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். மாமாவின் டபுள் கெப் இருக்கிறது. ரெய்லர் அக்கரைப்பற்றில் ஒட்டுவித்தது, அடியில் பழைய உழவு இயந்திரப் பெட்டியின் அக்சில். என்னிடம் பி வகுப்பு மட்டும்தான். பிரேக் இல்லாத ரெய்லர் 750 கிலோ வரை இழுக்கலாம் என்று கெப்பின் புத்தகத்தில் இருக்கிறது. படகு, எஞ்சின், ரெய்லர் எல்லாம் சேர்ந்தாலும் அதற்குள்தான் நிற்கும். ஆனால் வேகம் 50ஐத் தாண்டினால் ரெய்லர் வால் ஆட்டுகிறது, கெப்பின் பின்பக்கத்தையும் சேர்த்து இழுக்கிறது. லைசன்ஸ் சரியா? ஆட்டத்துக்கு என்ன வழி?

சம்மாந்துறை வயல்:
லேண்ட்மாஸ்டர் (இரண்டு சில்லுக் கை உழவு இயந்திரம்) பெட்டியில் நெல் மூட்டையை அடுக்கிக்கொண்டு தினமும் மெயின் ரோட்டில் போகிறார்கள். யார் மறித்துக் கேட்டது? பயப்படாமல் போங்கள்.

கல்முனை லொறிக்காரன்:
காக்கா, அது வேறு கணக்கு. லேண்ட்மாஸ்டருக்கு ஜி1, பெரிய உழவு இயந்திரத்துக்கு ஜி. அந்த வகுப்புகள் பெட்டியையும் சேர்த்தே வருகின்றன. கெப்புக்கு அப்படி இல்லை.

தம்பி, பி வகுப்பில் வாகனத்தின் மொத்த நிறை 3,500 கிலோவைத் தாண்டக் கூடாது, சாரதியோடு சேர்த்து 9 இருக்கை. கொளுவுகிற ரெய்லரின் வெறும் நிறை 250 கிலோவுக்குள் இருக்க வேண்டும். நீங்கள் சொல்லும் 750 கெப் செய்தவன் போட்ட எல்லை, அதுவும் சுமையோடு. சி1 வகுப்பிலும் ஒரு 750 வருகிறது. 3,500 முதல் 17,000 கிலோ வரையான லொறிக்குப் பின்னால் கொளுவும் ரெய்லரின் வெறும் நிறை அது. இலக்கம் ஒன்றாக இருப்பதால் நிறையப் பேர் இங்கேதான் குழம்புகிறார்கள். கெப் எவ்வளவு இழுக்கும் என்பதும் நீங்கள் எதை ஓட்டலாம் என்பதும் இரண்டு கேள்வி. இரண்டிலும் தேற வேண்டும். லைசன்ஸ் பொருந்தாமல் ஓடி, ஏதும் நடந்துவிட்டால் இன்சூரன்ஸ்காரன் கை விரிப்பான். அடிபட்டவனுக்கு யார் பதில் சொல்வது?

முதலில் படகை இறக்கிவிட்டு ரெய்லரை மட்டும் நிறுத்துப் பாருங்கள். நெல் ஆலையில் லொறி நிறுக்கிற தராசு போதும்.

திருக்கோவில் கரை:
ஆலைக்குப் போய் வந்தேன் அண்ணன். தராசு பத்துப் பத்துக் கிலோவாகத்தான் காட்டுகிறது. ரெய்லரைக் கழற்றி நாலு பேர் தள்ளி ஏற்றினோம். 320.

அக்கரைப்பற்று வெல்டிங்:
அந்த அக்சில்தான் காரணம். உழவு இயந்திரப் பெட்டி தொன் கணக்கில் சுமக்கச் செய்தது, படகுக்கு அவ்வளவு தடிப்பு எதற்கு? பழைய சின்ன வேன் ஒன்றின் பின் அக்சிலும் சில்லும் போடுங்கள். குறுக்கே போட்ட தடித்த அங்கிள் இரும்பைக் கழற்றிவிட்டு பொக்ஸ் பார் ஒட்டினால் இன்னும் குறையும். இழுவைக் கம்பியில் மட்டும் மெலிசு பார்க்க வேண்டாம்.

வால் ஆட்டம் வேறு காரணம். எஞ்சின் படகின் பின் பலகையில் தொங்குகிறது, பாரம் முழுக்கப் பின்னால். முன் கொளுக்கியில் பாரம் இல்லாத ரெய்லர் ஆடத்தான் செய்யும். சுமையோடு மொத்த நிறையில் பத்தில் ஒரு பங்காவது கொளுக்கியில் இறங்க வேண்டும். மீன் கடைத் தொங்கு தராசை ஒரு மரக்கொப்பில் கட்டி, ரெய்லரின் மூக்கை அதில் கொளுவித் தூக்கினால் கணக்குத் தெரிந்துவிடும். எஞ்சினைக் கழற்றிக் கெப்புக்குள் வையுங்கள், பெற்றோல் டாங்கியையும். அப்படியும் காணாது என்றால், புது அக்சில் ஒட்டும்போதே அதைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளி ஒட்டுங்கள். ஆடத் தொடங்கினால் பிரேக்கை ஓங்கி மிதிக்க வேண்டாம். ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, காலை மெல்ல எடுங்கள்.

கல்முனை லொறிக்காரன்:
ரெய்லருக்கும் தனிப் பதிவும் இலக்கத் தகடும் வேண்டும். வேலை முடிந்ததும் கச்சேரியில் உள்ள மோட்டார் போக்குவரத்துக் கிளைக்குப் போங்கள். பின் பிரேக் லைட்டும் சிக்னலும் கெப்போடு சேர்ந்து எரிகிறதா என்று இரவில் ஒருவரைப் பின்னால் நிறுத்திப் பாருங்கள்.

திருக்கோவில் கரை:
அக்சில் மாற்றியாயிற்று. அதே தராசில் இப்போது 230. எஞ்சின் கெப்புக்குள், கொளுக்கியில் 48 கிலோ, ரெய்லரும் படகும் சேர்த்து 460. 60இலும் கோடு போட்ட மாதிரி வருகிறது. பதிவு வேலை தொடங்கிவிட்டேன், அது முடிந்த பிறகுதான் பயணம். இருவருக்கும் நன்றி. ஒன்று மட்டும்: படகு இறக்கும்போது சில்லு உப்புத் தண்ணிக்குள் போகும். பெயரிங்குக்கு ஏதும் ஆகுமா?

அக்கரைப்பற்று வெல்டிங்:
ஆகும். ஓடி வந்த சூட்டோடு இறக்க வேண்டாம். சூடான ஹப் (சில்லின் நடுக் குடம்) தண்ணிக்குள் திடீரென்று குளிர்ந்தால் உள்ளே காற்று சுருங்கி, சீலைத் தாண்டி உப்புத் தண்ணியை உறிஞ்சிவிடும். ஹப்பில் கை வைத்துப் பாருங்கள், சூடு தெரியாதபோது இறக்குங்கள். பிறகு நல்ல தண்ணியால் கழுவி, கிரீஸ் புதிதாக அடைத்துவிடுங்கள்.