துறவி நண்டு வளர்ப்பவர்கள் கொஞ்சம் உதவுங்கள்

வணக்கம். சிங்கப்பூரில், தெம்பனிஸ் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் இருக்கிறோம். ஊர் மாறிப்போன பக்கத்து வீட்டு அக்கா தன் மூன்று துறவி நண்டுகளை (காலிச் சங்குக்குள் குடியிருக்கும் hermit crab) எங்களிடம் கொடுத்துவிட்டுப் போனார். கண்ணாடித் தொட்டியில் ஐந்து பங்கு மணல், ஒரு பங்கு தேங்காய் நார்த்தூள், ஈரமாகக் கலந்து 15 சென்டிமீட்டருக்கு மேல் போட்டிருக்கிறேன். நல்ல தண்ணீர், கடல் உப்புத் தண்ணீர் இரண்டும் உண்டு. நம் குழாய்த் தண்ணீரில் கிருமி கொல்லக் கலக்கும் குளோரமைன் சும்மா திறந்து வைத்தால் போகாது என்பதால் அதை நீக்கும் மருந்து விட்டே ஊற்றுகிறேன்.

பெரிய நண்டு மணலுக்குள் போய்விட்டது. தோலுரிக்கத்தான் இருக்கும், மகன் எவ்வளவு கெஞ்சியும் தோண்ட விடவில்லை. மற்ற இரண்டும் உணர்கொம்பை ஆட்டிக்கொண்டு சங்குகளைத் தடவித் தடவிப் பார்க்கின்றன.

ராத்திரி ஏர்கான் போட்டால் தொட்டியின் ஈரப்பதம் 80 சதவீதத்திலிருந்து 65க்கு இறங்குகிறது. மூடிக்கு என்ன போடுகிறீர்கள்? அப்புறம், சாயம் பூசாத சங்கு, வாய் இரண்டு சென்டிமீட்டர் அகலத்தில், இங்கே எங்கே கிடைக்கும்?