பொருட்காட்சி அரங்கில் தொல்பொருட்களைக் காட்டுவது எப்படி?

மேலூர் வாசகி:
வணக்கம். சித்திரைப் பொருட்காட்சியில் அரசுத் துறை ஒன்றுக்காக, வைகைக்கரையின் தொன்மையைச் சொல்லும் அரங்கை வடிவமைக்கும் பொறுப்பு எங்கள் குழுவுக்கு வந்திருக்கிறது. இருபதுக்கு நாற்பது அடி இடம், மேலே தகரக் கூரை. பெரும்பாலோர் பொழுது சாய்ந்த பிறகுதான், ராட்டினத்துக்கும் டெல்லி அப்பளத்துக்கும் நடுவே, குழந்தைகளைக் கையில் பிடித்தபடி உள்ளே வருவார்கள். மட்கலங்கள், பகடைக்காய்கள், ஓலைச்சுவடிகள் எல்லாவற்றையும் வைத்து, சுவர் முழுவதும் பிளக்ஸில் விளக்கம் எழுத வேண்டும் என்று துறையில் விரும்புகிறார்கள். இவ்வளவு எழுத்தை யார் நின்று படிப்பார்கள் என்ற ஐயம் எனக்கு இருக்கிறது. அசல் பொருட்களைக் கொண்டுவரலாமா, மாதிரிகளே போதுமா என்பதையும் அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

ஓய்வுபெற்ற காப்பாளர்:
அம்மா, முதலில் ஓலைச்சுவடியைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். ஓலை, தாள், துணி ஆகியவற்றின் மீது 50 லக்ஸுக்கு மேல் வெளிச்சம் படக்கூடாது என்பது அருங்காட்சியகங்கள் பொதுவாகக் கடைப்பிடிக்கும் அளவு. பொருட்காட்சி விளக்குகள் அதைப் பல மடங்கு தாண்டும். சித்திரை வெயிலில் தகரத்தின் கீழ் கிடந்தால் ஓலை வறண்டு நொறுங்கிப்போகும். சுட்ட மண்ணுக்கு வெளிச்சத்தால் கேடில்லை, கூட்டத்தின் முழங்கைதான் அதற்கு எதிரி. ஆனாலும் அகழாய்வில் கிடைத்த அசலைத் தற்காலிகக் கொட்டகைக்கு அனுப்பக் காப்பாளர் எவரும் ஒப்பக்கூடாது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. மாதிரியை வையுங்கள், அது மாதிரி என்பதை மறைக்காமல் பெரிய எழுத்தில் எழுதுங்கள். கீழடி அருங்காட்சியகம் 2023 மார்ச்சில் திறக்கப்பட்டு, செட்டிநாட்டு வீட்டின் சாயலில் இதோ பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே போகும் வழியையும் எழுதிவிட்டால், உங்கள் அரங்கைப் பார்த்தவர்களில் சிலராவது அடுத்த ஞாயிற்றுக்கிழமை அசலைத் தேடிப் போவார்கள்.

வைகைக்கரை:
காப்பாளர் ஐயா சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். என் யோசனை, இருபது பொருட்களை வரிசையாக அடுக்குவதை விட சுட்ட மண் வளையங்களை அடுக்கிக் கட்டும் ஓர் உறைகிணற்றை உண்மை அளவிலேயே நிறுத்துவது. கீழடியில் கிடைத்தவற்றுள் சின்னப் பிள்ளைக்கும் விளக்கமின்றிப் புரிவது அதுதான். மானாமதுரையில் மண்பாண்டத் தொழில் இன்றும் நடப்பதால், உறைகளை அங்கேயே செய்து வாங்கலாம். ஒன்றன்மேல் ஒன்றாக உறைகளை அடுக்கி, விளிம்பு குழந்தையின் நெஞ்சளவுக்கு வருமாறு நிறுத்தி, அடியில் ஒரு விளக்கை வைத்தால், குனிந்து பார்க்காமல் எவரும் நகர மாட்டார்கள். பக்கத்திலேயே கருப்பு சிவப்புப் பானை ஒன்றைக் கையால் தொட்டுப் பார்க்கும்படி வையுங்கள். பானையைச் சூளையில் கவிழ்த்துச் சுடுவதால் காற்றுப் புகாத உட்புறமும் வாய்ப்பகுதியும் கருக்கின்றன, காற்றுப் பட்ட வெளிப்புறம் சிவக்கிறது. அந்தப் பானைக்கு இந்த ஒரு வாக்கியம் போதும். படிக்கத் தெரிந்த பேரப்பிள்ளை படிக்கத் தெரியாத பாட்டிக்கு ஒரே மூச்சில் வாசித்துக் காட்டும் நீளத்துக்கு மேல் எந்தப் பலகையும் போகக்கூடாது. மற்ற விவரங்களைச் சொல்ல, தமிழ் நன்றாகப் பேசும் கல்லூரி மாணவர்கள் இருவரை அரங்கிலேயே நிறுத்துங்கள்.

செல்லூர் பந்தல்:
நான் அரங்கு கட்டுகிற ஆள் என்பதால் தச்சு வேலையின் பக்கமிருந்து சொல்கிறேன். உறைகிணறு நல்ல யோசனை, ஆனால் வாசலருகே வைத்தால் குனிகிறவர்களின் பின்னால் கூட்டம் தேங்கி, வெளியே வரிசை நின்றுவிடும். உள்ளே மூன்றில் இரண்டு பங்கு தூரம் தாண்டி, சுற்றிலும் ஆறடி விட்டு நிறுத்துங்கள். நுழைய ஒரு வழி, வெளியேற வேறு வழி இருக்க வேண்டும், இரண்டும் ஒரே பக்கத்தில் இருக்கக்கூடாது. தரையை உயர்த்திப் பலகை அடித்தால் சக்கர நாற்காலிக்கு ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளச் சரிவு தேவைப்படும். உங்கள் இடத்தில் அது பெரும்பங்கை விழுங்கும், ஆதலால் தரையை உயர்த்தாமல் இருப்பதே நல்லது. கூரைக்கும் துணி விதானத்துக்கும் இடையே ஒன்றரை அடி விட்டு, மேலே வெப்பக்காற்றை இழுக்கும் விசிறி பொருத்துங்கள், இல்லாவிட்டால் எவ்வளவு நன்றாக வடிவமைத்தாலும் ஒருவரும் உள்ளே நிற்க மாட்டார்கள். எல்லாவற்றையும் ஆணியடிக்காமல் போல்ட்டில் முடுக்குங்கள். 1851இல் லண்டன் ஹைட் பூங்காவில் ஒரு கண்காட்சிக்காக இரும்பாலும் கண்ணாடியாலும் எழுந்த ‘கிரிஸ்டல் பேலஸ்’ மாளிகை பகுதி பகுதியாகச் செய்து பூட்டப்பட்டதால்தான், கண்காட்சி முடிந்ததும் அதைக் கழற்றி சிடன்ஹாம் என்ற வேறோர் இடத்தில் மறுபடி நிறுத்த முடிந்தது. உங்கள் உறைகிணற்றையும் பலகைகளையும் பொருட்காட்சி முடிந்தபின் எந்த அரசுப் பள்ளிக்குக் கொடுப்பது என்பதை இப்போதே முடிவு செய்து, அந்த வண்டி வாடகையையும் மதிப்பீட்டில் சேர்த்துவிடுங்கள்.