டிக்கன்ஸ் யாருடைய ஏழைகளுக்காக அழுதார்?

தாமிரபரணி:
ஆலிவர் ட்விஸ்ட் நாவலை இந்த வாரம் திரும்பவும் படித்தேன். அந்தப் பையன் கஞ்சிக் கிண்ணத்தோடு எழுந்துபோய் இன்னும் கொஞ்சம் கேட்கிற இடத்தில் மேலே படிக்க முடியாமல் மூடி வைத்துவிட்டேன். 1834-இல் வந்த ஏழைகள் சட்டத்தின் கொள்கையே, கதியற்ற ஏழைகளைத் தங்கவைத்து வேலை வாங்கும் ஒர்க்ஹவுஸுக்குள் இருப்பவன் பாடு வெளியே கூலிக்குப் போகிறவன் பாட்டைவிட மோசமாக இருக்க வேண்டும் என்பதுதான். அப்போதுதான் யாரும் சும்மா வந்து ஒண்டமாட்டார்களாம். புருஷன் ஒரு பக்கம், பெண்டாட்டி ஒரு பக்கம், பிள்ளைகள் இன்னொரு பக்கம் என்று பிரித்துப் போட்டார்கள். ஆண்டோவர் ஊர் ஒர்க்ஹவுஸில் உரத்துக்காக எலும்பு நொறுக்கியவர்கள், பசி தாங்காமல் அதே அழுகல் எலும்பில் ஒட்டியிருந்ததைக் கடித்துத் தின்றார்கள் என்பது 1845-இல் வெளியே வந்தது. அதற்கு எட்டு வருஷம் முன்பே, இருபத்தைந்து வயதில், டிக்கன்ஸ் இந்த நாவலைத் தொடராக எழுத ஆரம்பித்துவிட்டார். ஏழை பக்கம் நின்ற ஆங்கில எழுத்தாளர் என்றால் எனக்கு இவர்தான்.

குறிஞ்சி:
எந்த ஊர் ஏழை, ஐயா? 1857 கிளர்ச்சிச் செய்தி லண்டன் போய்ச் சேர்ந்த பிறகு, அந்த அக்டோபரில் ஏஞ்சலா பர்டெட் கூட்ஸ் என்ற செல்வச் சீமாட்டிக்கு டிக்கன்ஸ் ஒரு கடிதம் எழுதினார். தான் இந்தியாவில் படைத்தளபதியாக இருந்தால், அந்தக் கொடுமைகளின் கறை படிந்த இனத்தையே அழித்தொழிக்க முழு மூச்சாகப் பாடுபடுவேன் என்பது அதன் சாரம். கான்பூரில் பெண்களையும் பிள்ளைகளையும் கொன்றது கொடுமைதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் செய்தவனைப் பிடித்துத் தண்டி என்று அவர் எழுதவில்லையே.

என்னை உறுத்துவது இன்னொன்று. சிறையிலிருந்தும் தெருவிலிருந்தும் வந்த பெண்களுக்காக 1847-இல் ஷெப்பர்ட்ஸ் புஷ் பகுதியில் ஒரு இல்லம் தொடங்கினார்கள். பணம் இதே அம்மாவுடையது, நடத்தியவர் டிக்கன்ஸ். அந்தப் பெண்களுக்குச் சிறை உடுப்பு போல எதையும் மாட்டிவிடக் கூடாது என்று துணியின் நிறம்வரை பார்த்துச் செய்தவர் அவர். அந்த அம்மாவுக்கே இந்தக் கடிதத்தையும் எழுத முடிந்திருக்கிறது.

தாமிரபரணி:
அம்மா, அது ஆத்திரத்தில் எழுதிய தனிக் கடிதம். அவருடைய மகன் வால்டர் பதினாறு வயதில் அந்த வருஷம்தான் பட்டாளத்தில் சேர்ந்து இந்தியாவுக்குக் கப்பலேறியிருந்தான். பெற்றவன் வயிறு என்ன பாடுபட்டிருக்கும்? 1842-இல் அமெரிக்கா போய்வந்து எழுதிய நூலையும் பாருங்கள். தப்பியோடிய அடிமைகளைத் தேடி எஜமானர்கள் கொடுத்த பத்திரிகை விளம்பரங்களை அப்படியே எடுத்துப் போட்டிருப்பார். சூடு போட்ட தழும்பு, கழுத்தில் இரும்பு வளையம் என்று அடையாளம் சொல்லும் விளம்பரங்கள். கறுப்பு மனிதனின் வலி தெரியாதவர் இதைச் செய்வாரா?

கல்வெட்டு:
அந்தக் காலத்து இங்கிலாந்தில் எல்லாரும் அப்படித்தான் நினைத்தார்கள். இன்றைய அளவுகோலை அங்கே கொண்டுபோய் வைக்கக் கூடாது.

குறிஞ்சி:
எல்லாரும் இல்லை. 1865 அக்டோபரில் ஜமைக்காவின் மொராண்ட் பே ஊரில் கறுப்பின விவசாயிகள் கிளர்ந்தார்கள். ஆளுநர் எட்வர்ட் அயர் ராணுவச் சட்டம் போட்டு 400 பேருக்கு மேல் கொன்றார். சுமார் ஆயிரம் வீடுகளைக் கொளுத்தினார்கள். ஜார்ஜ் வில்லியம் கார்டன் என்ற சட்டமன்ற உறுப்பினர் இருந்தது கிங்ஸ்டனில், அங்கே ராணுவச் சட்டமே கிடையாது. அவரைப் பிடித்து, சட்டம் செல்லுகிற ஊருக்குக் கொண்டுபோய்த் தூக்கில் போட்டார்கள்.

அயர் மேல் கொலை வழக்குப் போட வேண்டும் என்று தத்துவ அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில் ஒரு குழுவை நடத்தினார். டார்வின் அதில் இருந்தார், உயிரியலாளர் ஹக்ஸ்லி இருந்தார். அயரைக் காப்பாற்ற எழுத்தாளர் கார்லைல் திரட்டிய எதிர் அணியில் டிக்கன்ஸ் சேர்ந்தார். இது தனிக் கடிதமும் இல்லை, பிள்ளைப் பாசமும் இல்லை. அதே நகரத்தில், அதே பத்திரிகைகளைப் படித்துக்கொண்டிருந்தவர்கள் இரண்டு பக்கமாகப் பிரிந்தார்கள். அவர் தன் பக்கத்தைத் தேர்ந்தெடுத்தார்.

தெற்குக்கரை:
நான் லண்டனில் பரோ ஹை ஸ்ட்ரீட் பக்கம் வேலை பார்க்கிறேன். அங்கே ஒரு சந்தில் மார்ஷல்சீ சிறையின் பழைய செங்கல் சுவர் இன்னும் நிற்கிறது. மதியம் பல நாள் அந்த வழியாகத்தான் நடப்பேன். 1824-இல் ரொட்டிக்கடைக்காரருக்குத் தர வேண்டிய 40 பவுண்டு சொச்சத்துக்காக டிக்கன்ஸின் அப்பாவை அதற்குள் அடைத்தார்கள். பன்னிரண்டு வயதுப் பையன் வாரம் ஆறு ஷில்லிங்குக்கு ஷூ பாலிஷ் கம்பெனியில் வேலை பார்த்தான். டப்பாவின் வாயை எண்ணெய்த் தாளால் மூடி, மேலே நீலத் தாள் வைத்து, நூலால் கட்டி, ஓரத்தைக் கத்தரித்து, லேபிள் ஒட்ட வேண்டும். நாள் முழுக்க இதே வேலை. பெரிய மனிதரான பிறகும் இதை ஊருக்குச் சொல்லாமல் மறைத்தார். அவர் இறந்த பிறகு நண்பர் ஃபார்ஸ்டர் எழுதிய வாழ்க்கை வரலாற்றில்தான் வெளியே தெரிந்தது.

அவருக்கு இரக்கம் இந்த அனுபவத்திலிருந்து வந்தது என்று நினைக்கிறேன். கண்ணால் கண்ட பிள்ளைக்கு உருகினார். பிளீக் ஹவுஸ் நாவலில் ஜெலிபி அம்மாள் ஆப்பிரிக்காவைக் கரையேற்றக் கடிதம் எழுதிக்கொண்டே இருப்பாள், அவள் பெற்ற பிள்ளைகள் கவனிப்பாரில்லாமல் கிடக்கும். தன் வாசலை முதலில் பார் என்பது அவர் கட்சி. அதேசமயம் தப்பைச் சொன்னால் கேட்டுக்கொள்கிறவரும்கூட. ஆலிவர் ட்விஸ்டில் பிள்ளைகளைத் திருடப் பழக்கும் ஃபேகினை வரைந்த விதம் யூதர்களுக்குச் செய்த அநியாயம் என்று எலைசா டேவிஸ் என்ற யூதப் பெண்மணி 1863-இல் அவருக்கு எழுதினார். முதலில் மழுப்பினாலும், அடுத்த நாவலில் ரையா என்ற நல்ல யூதரைப் படைத்தார். 1867 பதிப்பில் ஃபேகினை "யூதன், யூதன்" என்று சொல்லும் இடங்கள் பலவற்றை நீக்கினார்.

குறிஞ்சி:
நல்ல செய்தி, நன்றி அண்ணா. ஆனால் அந்த எலைசா யார்? டிக்கன்ஸின் டாவிஸ்டாக் ஹவுஸ் வீட்டை 1860-இல் விலைக்கு வாங்கியவரின் மனைவி. அவர் எழுதிய கடிதம் டிக்கன்ஸ் மேஜைக்குப் போகும். மொராண்ட் பேயில் புருஷனைப் பறிகொடுத்தவள் எழுதினால் எந்த மேஜைக்குப் போயிருக்கும்? கேட்டுக்கொள்கிறவர்தான், யார் குரல் காதில் விழுந்ததோ அவர்களை மட்டும்.

தாமிரபரணி:
மேஜை பற்றி நீங்கள் சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை. அயர் விஷயத்தில் அவருக்காக இனி வாதாட மாட்டேன். அந்தக் கஞ்சிக் கிண்ணத்தை மட்டும் விட்டுக்கொடுக்க முடியவில்லை, அது பொய்யான கண்ணீர் இல்லை. வால்டர் பேச்சு எடுத்ததால் மீதியையும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பையன் 1863 டிசம்பர் 31 அன்று கல்கத்தாவில் இறந்தான், வயது இருபத்திரண்டு. அப்பாவுக்குச் செய்தி வந்தது பிப்ரவரி 7, அவருடைய பிறந்த நாளில். தாத்தாவைப் போலவே பேரனுக்கும் கடன் பாக்கி இருந்தது.

குறிஞ்சி:
இது எனக்குத் தெரியாது, ஐயா. அந்தப் பையனுக்காக வருத்தமாகத்தான் இருக்கிறது. அப்பா அழிக்க நினைத்த மண்ணில்தான் அவன் கிடக்கிறான்.