காலையில ரிப்போர்ட் அனுப்பணும், எந்த ஆங்கிலச் சொல்லுக்குப் பன்மை 'எஸ்' போடக் கூடாது?

கடல்தாண்டி: வெளிநாடு வந்து மூணு வாரம்தான் ஆகுது. மேனேஜர் என் ரிப்போர்ட்டைத் திருப்பி அனுப்பிட்டார். 'இன்ஃபர்மேஷன்ஸ்', 'எக்விப்மென்ட்ஸ்', 'ஃபீட்பேக்ஸ்' மூணுக்கும் சிவப்புக் கோடு, விளக்கம் எதுவும் இல்ல. தகவல்கள்னா பன்மைதானே? காலையில திரும்ப அனுப்பணும், கை நடுங்குது.

மழைக்காகம்: முதல் மூணு மாசம் எல்லாருக்கும் இப்படித்தான் தம்பி. இலக்கணத்தை விடுங்க, பேசிப் பழகுங்க. போன்ல பேசுறப்பதான் நிஜமான கஷ்டமே.

நிழல்: அவர் கேட்டது எழுத்தைப் பத்தி. எண்ண முடிஞ்சா எஸ், முடியலன்னா இல்ல. அவ்ளோதான்.

மழைக்காகம்: பணத்தைத் தினமும் எண்ணுறோமே, 'மணி'க்கு எஸ் போடுவீங்களா?

திண்ணை: சரியான இடத்துல பிடிச்சீங்க. நாம எண்ணுறது நோட்டையும் காசையும். பொருளைப் பார்க்காதீங்க, சொல்லைப் பாருங்க. சூட்கேஸுக்கு எஸ் உண்டு, லக்கேஜுக்கு இல்ல. சேருக்கு உண்டு, ஃபர்னிச்சருக்கு இல்ல. தமிழ்ல அறிவுரைகள்னு தாராளமா சொல்லுவோம், அதே பழக்கத்துல 'அட்வைசஸ்'னு கை போயிடுது.

நிழல்: 'அகாமடேஷன்'லயும் எஸ் வராது.

ஓடம்: வரும். ஹோட்டல் விளம்பரத்துல பார்த்ததில்லையா?

மழைக்காகம்: வேலைன்னா 'வொர்க்', எஸ் கூடாது. எஸ் போட்டா ஓவியரோட படைப்புகள் ஆயிடுமாம். தலைமுடிக்கு எஸ் இல்ல, சூப்ல கிடக்குற ரெண்டு முடிக்கு மட்டும் உண்டாம்! இதை வெச்சு மனுஷனை எடை போடுறாங்க.

ஓடம்: நூறு தடவை சொல்லலாம் இதை.

திண்ணை: புலம்பலுக்குத் தனி இழை போடுங்கப்பா, அவருக்கு விடியப் போகுது. அகாமடேஷன்ல ரெண்டு பேரும் சரி: பிரிட்டிஷ் வழக்குல எஸ் இல்ல, அமெரிக்காவுல தங்குமிடம்னா எஸ் சகஜம். எந்த நாடுன்னு கடல்தாண்டி சொல்லவே இல்ல. ஆனா அவரோட மூணு சொல்லும் எங்க போனாலும் எஸ் இல்லாமதான்.

எஸ்ஸை மட்டும் வெட்டினா வாக்கியம் நொண்டும். 'தீஸ் இன்ஃபர்மேஷன்ஸ் ஆர்' இருந்தா 'திஸ் இன்ஃபர்மேஷன் இஸ்' ஆகணும். முன்னாடி 'மெனி' இருந்தா 'எ லாட் ஆஃப்', 'எ ஃப்யூ' இருந்தா 'சம்', 'ஒரு'ங்கிற அர்த்தத்துல 'ஆன்' இருந்தா தூக்கிடுங்க. அடுத்த வாக்கியத்துல 'தெம்'னு சுட்டியிருந்தா 'இட்'. இந்தக் கடைசி ஒண்ணைத்தான் எல்லாரும் கோட்டை விடுறாங்க. எண்ணிக்கை கட்டாயம் வேணும்னா 'டூ பீசஸ் ஆஃப் எக்விப்மென்ட்'. 'ஃபீட்பேக்ஸ்' இருக்கிற இடத்துல 'கமென்ட்ஸ்' போட்டா எஸ்ஸும் நிக்கும், எண்ணும் நிக்கும்.

சந்தேகம் வந்தா, ஆங்கிலம் கற்பவர்களுக்கான அகராதியில சொல்லுக்குப் பக்கத்துல 'சி' இருக்கா, 'யு' இருக்கான்னு பாருங்க. சி எண்ணலாம், யு எண்ணக் கூடாது. 'எக்ஸ்பீரியன்ஸ்'க்கு ரெண்டும் இருக்கும்: வேலை அனுபவம் யு, வாழ்க்கையில பட்ட சம்பவங்கள் சி.

கடல்தாண்டி: 'தெம்' நாலு இடத்துல இருந்துச்சு அண்ணா, மாத்திட்டேன். 'டாகுமென்ட்ஸ்', 'பேப்பர்வொர்க்ஸ்'னும் எழுதியிருக்கேனே?

திண்ணை: முதலாவது இருக்கட்டும். ரெண்டாவதுல எஸ்ஸை எடுங்க.