ஜிடி911 டச்: சஸ்பெண்டுக்கு அப்புறம் இன்டரப்ட் வரவில்லை, உதவி தேவை

நண்பர்களே, கூடிக்ஸ் ஜிடி911 டச் சிப்பின் லினக்ஸ் டிரைவரில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். இதில் இன்டரப்ட் பின்னுக்கு (தொட்டதும் ப்ராசசருக்குச் சிக்னல் கொடுக்கும் கால்) இரட்டை வேலை: ரீசெட்டை விடுவிக்கும்போது இந்தப் பின் லோவாக இருந்தால் ஐ2சி (சிப்போடு பேசும் இரண்டு கம்பி பஸ்) முகவரி ஹெக்ஸில் 5டி, ஹையாக இருந்தால் 14, அப்புறம் 50 மில்லிசெகண்ட் லோவில் வைத்து இன்புட்டாக மாற்ற வேண்டும். பூட் ஆகும்போது எல்லாம் சரியாக நடக்கிறது. சஸ்பெண்ட் (உறக்க நிலை) போய்த் திரும்பினால் ஐ2சியில் சிப் பதில் சொல்கிறது, ஆனால் திரையில் விரல் வைத்து எவ்வளவு தேய்த்தாலும் இன்டரப்ட் எண்ணிக்கை ஏறுவதே இல்லை, ஆசிலோஸ்கோப்பில் பார்த்தால் பின் லோவிலேயே கிடக்கிறது. ரெஸ்யூமில் (உறக்கத்திலிருந்து விழிக்கும்போது) பின் இன்புட்டாகத் திரும்பவில்லை என்று சந்தேகம். சஸ்பெண்டில் ஐஆர்க்யூவை (இன்டரப்ட் லைனை) டிசேபிள் செய்தால் போதுமா, இல்லை முழுக்க ஃப்ரீ செய்துவிட்டு ரெஸ்யூமில் மறுபடி ரெக்வெஸ்ட் செய்ய வேண்டுமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள், டிவைஸ் ட்ரீ (போர்டின் ஹார்ட்வேர் விவரக் கோப்பு) வேண்டுமானால் போடுகிறேன்.