நிலவில் மனிதன் இறங்கிய நாளில் அமெரிக்க அதிபர் என்ன செய்தார்? ஒரே நாளின் ஆவணங்களை மாணவர்களுக்குக் காட்டுவது எப்படி?

கேள்வி: பணகுடி வரலாற்று ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். பணகுடி அருகே ஒரு மேல்நிலைப் பள்ளியில் வரலாறு கற்பித்து வருகிறேன். எங்கள் பிள்ளைகள் பலருடைய வீட்டில் மகேந்திரகிரி விண்வெளி மையத்தில் பணிபுரியும் ஒருவர் இருப்பார். ஆதலால் ராக்கெட், எஞ்சின் சோதனை என்பவையெல்லாம் அவர்களுக்கு அன்றாடப் பேச்சு. அண்மையில் 1969ஆம் ஆண்டின் நிலவுப் பயணத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு மாணவி, ஜூலை 20ஆம் தேதி காலை முதல் இரவு வரை அதிபர் நிக்சன் என்ன செய்துகொண்டிருந்தார் என்று கேட்டாள். அதை இன்று நாம் எதை வைத்துத் தெரிந்துகொள்ள முடியும் என்றும் கேட்டாள். இந்த இரண்டாவது கேள்வியைத் தட்டிக்கழிக்க எனக்கு மனம் வரவில்லை. ஒரு முழு நாளை அதன் மூல ஆவணங்களை மட்டுமே வைத்துக்கொண்டு பிள்ளைகளே கட்டியெழுப்பும்படி ஒரு பயிற்சி அமைக்க விரும்புகிறேன். அதற்கு எந்தெந்த ஆவணங்கள் உள்ளன, அவற்றை எந்த அளவுக்கு நம்பலாம், நம் நாட்டுக் குடியரசுத் தலைவரின் ஒரு நாளையும் இதே முறையில் பார்க்க வழி உண்டா என்பதை விவரம் அறிந்தவர்கள் சொன்னால் பெரிதும் உதவியாக இருக்கும்.

பதில்: பாளையங்கோட்டை நூலகர் (ஓய்வு)

டீச்சருக்கு வணக்கம். நீங்கள் தேர்ந்தெடுத்த நாள் மிக நல்ல நாள். ஏனென்றால் அதைப் பற்றி ஒன்றையொன்று சாராத பல பதிவுகள் இருக்கின்றன.

முதலில் எடுக்க வேண்டியது வெள்ளை மாளிகையின் நாட்குறிப்பு. பெயரைக் கேட்டதும் அதிபர் இரவில் உட்கார்ந்து தம் கையால் எழுதியது என்று பிள்ளைகள் நினைத்துவிடக் கூடும். அது அப்படிப்பட்டதன்று. தொலைபேசி இணைப்பு கொடுப்பவர்கள் குறித்து வைத்தவை, பாதுகாவலர்கள் அதிபரின் நடமாட்டத்தைக் குறித்தவை, அலுவலகச் செயலர்கள் வைத்திருந்த சந்திப்புப் பட்டியல்கள் ஆகியவற்றைச் சேர்த்து ஊழியர்கள் தட்டச்சு செய்த படிவம் அது. மேலே தேதியும் கிழமையும், நாள் தொடங்கிய இடமும் இருக்கும். இடப்பக்கத்தில் தொடங்கிய நேரமும் முடிந்த நேரமும், அதையடுத்துத் தொலைபேசிக்கென ஒரு பத்தியும் இருக்கும். அதிபர் தாமே அழைத்திருந்தால் ஓர் எழுத்து, அவருக்கு அழைப்பு வந்திருந்தால் வேறோர் எழுத்து என்று அந்தப் பத்தியில் குறித்திருப்பார்கள். காலைச் சிற்றுண்டி, யார் யாரைச் சந்தித்தார், எந்த அறையிலிருந்து எந்த அறைக்குப் போனார் என்று நாள் முழுவதும் உணர்ச்சியற்ற அலுவலக நடையிலேயே ஓடும்.

அந்த நடையிலேயே ஜூலை 20 இரவில் ஒரு வரி வருகிறது: 11.45 முதல் 11.50 வரை, நிலவில் இருந்த நீல் ஆம்ஸ்ட்ராங், எட்வின் ஆல்ட்ரின் ஆகியோருடன் அதிபர் கோள்களுக்கிடையேயான உரையாடல் நடத்தினார். உள்ளூர் அழைப்பு, வெளியூர் அழைப்பு என்று எழுதியே பழகிய ஒரு கை, இந்த அழைப்புக்கு என்ன பெயரிடுவது என்று ஒரு கணம் தயங்கி எழுதியதாகவே எனக்குத் தோன்றுகிறது. பிள்ளைகளுக்கு அந்தப் பக்கத்தைக் கட்டாயம் காட்டுங்கள்.

இனி இதைச் சரிபார்க்க வேண்டும். விண்கலத்துக்கும் தரைக்கும் நடந்த பேச்சு முழுவதையும் நாசா எழுத்துப்படியாக வைத்திருக்கிறது. அதில் வாஷிங்டன் நேரம் கிடையாது. ராக்கெட் கிளம்பிய நொடியிலிருந்து எத்தனை மணி நேரம் ஆகியிருக்கிறது என்பதுதான் கணக்கு. ராக்கெட் ஜூலை 16 காலை 9.32க்குக் கிளம்பியது. ஜூலை 20 காலை 9.32க்கு 96 மணி நேரம் முடிகிறது, அன்றிரவு 11.45 வரை மேலும் 14 மணி 13 நிமிடம். ஆக, நாட்குறிப்பு சரியென்றால் அதிபரின் குரல் 110 மணி 13 நிமிடத்துக்குப் பின் கேட்க வேண்டும். எழுத்துப்படியில் அது 110 மணி 16 நிமிடத்தையொட்டி வருகிறது. ஒருவரையொருவர் பார்த்திராத இருவர், ஒருவர் வெள்ளை மாளிகையிலும் மற்றவர் விண்வெளி மையத்திலும் உட்கார்ந்து வேறு வேறு கடிகாரத்தைப் பார்த்து எழுதியவை இவ்வளவு நெருக்கமாகப் பொருந்துவதைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கும்போது பிள்ளைகளுக்கு ஏற்படும் நம்பிக்கை, நாம் வாயால் சொல்லி வருவதன்று. அதிபர் தாம் வெள்ளை மாளிகையில் உள்ள தம் அலுவலகமான ஓவல் அறையிலிருந்து தொலைபேசியில் பேசுவதாக அந்த உரையாடலிலேயே சொல்கிறார். ஆகவே இடத்துக்கும் இரண்டாவது சான்று கிடைத்துவிடுகிறது.

நம் ஊர் நேரத்தையும் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். கோடைக்கால வாஷிங்டன் நேரத்தோடு 9½ மணி நேரம் கூட்டினால் போதும். கலம் நிலவில் இறங்கிய மாலை 4.17 மணி நமக்கு நள்ளிரவு தாண்டி 1.47. ஆம்ஸ்ட்ராங் கால் வைத்த இரவு 10.56, நமக்குத் திங்கட்கிழமை காலை 8.26. அதிபர் பேசத் தொடங்கியபோது நம் பகுதியில் காலை 9.15, பிள்ளைகள் பள்ளிக்குப் புறப்பட்டிருக்கும் நேரம். சென்னையிலேயே தொலைக்காட்சி 1975இல்தான் வந்தது என்பதால் இங்கே வானொலியும் செய்தித்தாளும்தான். தினமலர் 1957 முதல் திருநெல்வேலியிலிருந்து வெளிவந்துகொண்டிருந்தது. பழைய இதழ்களைத் தேடும்போது 21, 22 ஆகிய இரு நாள்களின் இதழ்களையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

இன்னொரு தாளையும் விட்டுவிடாதீர்கள். அதிபரின் உரை எழுத்தாளர்களில் ஒருவரான வில்லியம் சஃபையர், வீரர்கள் திரும்ப முடியாமல் நிலவிலேயே சிக்கிக்கொண்டால் அதிபர் படிக்க வேண்டிய இரங்கல் உரையை ஜூலை 18ஆம் தேதியிட்டு எழுதி, தலைமை உதவியாளர் ஹால்டெமனுக்கு அனுப்பியிருந்தார். உரையைப் படிக்கும் முன் அதிபர் வீரர்களின் மனைவியருக்கு ஒவ்வொருவராகத் தொலைபேசியில் பேச வேண்டும் என்றும், தொடர்பு துண்டிக்கப்பட்ட பின் கடலில் நல்லடக்கம் செய்யும் முறையில் ஒரு மதகுரு வழிபாடு நடத்த வேண்டும் என்றும் அதில் குறிப்பு இருக்கிறது. அது 1999இல்தான் வெளியே தெரிய வந்தது. அன்றைய நாட்குறிப்பில் இதன் சுவடே கிடையாது. ஆனால் இரவு 11.45க்கு நிக்சன் தொலைபேசியை எடுத்தபோது, வீரர்கள் நிலவைவிட்டுக் கிளம்ப வேண்டிய கட்டம் இன்னும் பாக்கியிருந்தது என்பதை இந்தத் தாளைப் படித்த பிறகுதான் உணர முடிகிறது.

பதில்: நெல்லைச் சந்திப்பு வழக்கறிஞர்

நூலகர் ஐயா சொன்னவற்றோடு ஒரு எச்சரிக்கையைச் சேர்க்க விரும்புகிறேன். நாட்குறிப்பு எப்போது, எங்கே, யாருடன், எவ்வளவு நேரம் என்பதைத்தான் சொல்லும். என்ன பேசப்பட்டது என்பதைச் சொல்லாது. இந்த வேறுபாடு மாணவர்களுக்குப் புரிய வேண்டுமானால் அதே அதிபரின் வேறொரு நாளை அருகே வைக்க வேண்டும்.

1972 ஜூன் 17 அன்று வாஷிங்டனின் வாட்டர்கேட் கட்டடத்தில் இருந்த எதிர்க்கட்சி அலுவலகத்துக்குள் புகுந்தவர்கள் பிடிபட்டார்கள்; பின்னாளில் நிக்சன் பதவி விலகக் காரணமான வழக்கு இதுதான். ஜூன் 20 அன்று நிக்சன் ஹால்டெமனைச் சந்தித்துப் பேசினார் என்பதை நாட்குறிப்பு தெளிவாகக் காட்டுகிறது. 1969இல் இல்லாத ஒலிப்பதிவுக் கருவிகளும் 1971 பிப்ரவரி முதல் அதிபரின் அறைகளில் இயங்கிவந்தன. ஆகவே நேரமும் தெரியும், பேச்சும் கிடைக்கும் என்றுதான் எவரும் எதிர்பார்ப்பர். ஆனால் அந்தச் சந்திப்பின் நாடாவில் 18½ நிமிடத்துக்கு வெறும் இரைச்சல்தான் இருக்கிறது. நீதிமன்றத்துக்காக ஆராய்ந்த நிபுணர்கள், குறைந்தது 5 தடவை தனித்தனியாக அழிக்கப்பட்டிருக்கிறது என்று 1974 ஜனவரியில் அறிக்கை கொடுத்தார்கள். அதிபரின் செயலர் ரோஸ் மேரி வுட்ஸ், தவறுதலாகச் சுமார் 5 நிமிடம் தாம் அழித்திருக்கலாம் என்று சொல்லியிருந்தார். மீதிக்குப் பொறுப்பேற்க ஆளில்லை.

அங்கே நமக்குக் கைகொடுப்பது மூன்றாவது ஆவணம். பேசிக்கொண்டிருக்கும்போதே ஹால்டெமன் தம் கையால் குறிப்பெடுத்திருந்தார். அலுவலகத்தில் ஒட்டுக்கேட்கும் கருவி ஏதும் இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும் என்பதும், மக்கள் மத்தியில் எதிர்த்தாக்குதலாகப் பிரசாரம் செய்ய வேண்டும் என்பதும் அதில் இருக்கின்றன. பேச்சு முழுவதும் கிடைக்காவிட்டாலும் எதைப் பற்றிய பேச்சு என்பது அழியவில்லை. நீதிமன்றத்தில் சாட்சியை விசாரிக்கும்போது நாங்கள் கேட்கும் கேள்விகளையே இந்தத் தாள்களிடமும் கேட்கலாம்: இதை எழுதியவர் யார், எழுதியபோது அங்கே இருந்தாரா, யாருக்காக எழுதினார், இதை மாற்றுவதால் யாருக்கு ஆதாயம்? தொலைபேசி இணைப்பு கொடுத்த பணியாளருக்கு நேரத்தைப் பொய்யாக எழுதுவதால் கிடைப்பது ஒன்றுமில்லை; அதனால் அந்தக் குறிப்புக்கு மதிப்பு அதிகம்.

சட்டத்தையும் சுருக்கமாகச் சொல்கிறேன். வெகுகாலம் அதிபரின் தாள்கள் அவருடைய சொந்தச் சொத்தாகவே கருதப்பட்டன. அவராகக் கொடுத்தால்தான் நாட்டுக்குக் கிடைக்கும். நிக்சன் பதவி விலகிய 1974ஆம் ஆண்டிலேயே அவருடைய தாள்களையும் நாடாக்களையும் அரசு காப்பில் வைக்கத் தனிச்சட்டம் இயற்றினார்கள். 1978இல் வந்த பொதுச்சட்டம், 1981 ஜனவரி 20 முதல் பதவியேற்ற அதிபர்களின் அலுவல் ஆவணங்கள் அனைத்தும் நாட்டின் உடைமை என்றாக்கியது. பதவிக்காலம் முடிந்து 5 ஆண்டுகளுக்குப் பின் குடிமக்கள் அவற்றைக் கேட்டுப் பெறலாம். சில வகைத் தாள்களை மட்டும் 12 ஆண்டு வரை நிறுத்திவைக்கலாம். ஒரு நாளின் ஆவணம் பிழைத்திருப்பது தற்செயலன்று, அதற்குப் பின்னால் ஒரு பெரும் வழக்கும் சட்டமும் இருக்கின்றன என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்வது நல்லது.

பணகுடி வரலாற்று ஆசிரியை

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. மணிக்கணக்கைச் சரிபார்க்கும் பயிற்சியைக் கணித ஆசிரியரோடு சேர்ந்தே நடத்தலாம் என்று இருக்கிறேன். ஜூன் 20 நாடாவைப் பன்னிரண்டாம் வகுப்புக்கு மட்டும் வைத்துக்கொள்கிறேன். நம் குடியரசுத் தலைவரைப் பற்றிய கேள்விக்கு இன்னும் விடை கிடைக்கவில்லை. அதையும் யாராவது தொட்டால் மகிழ்வேன்.

பதில்: வீரவநல்லூர் வங்கி ஊழியர்

டீச்சர், உங்களுக்கு வேறு நாளைத் தேட வேண்டிய அவசியமே இல்லை. அதே 1969 ஜூலை 20 இந்தியக் குடியரசுத் தலைவர் பதவியின் வரலாற்றிலும் ஓர் அசாதாரணமான நாள்.

அவ்வாண்டு மே 3 அன்று குடியரசுத் தலைவர் ஜாகிர் உசேன் பதவியில் இருக்கும்போதே காலமானார். துணைத் தலைவர் வி. வி. கிரி தற்காலிகமாகப் பொறுப்பேற்றார். துணைத் தலைவரும் இல்லாமல் போனால் யார் பொறுப்பேற்பது என்பதற்கு அப்போது சட்டம் இல்லை. அதற்காகவே நாடாளுமன்றம் அந்த மே மாதத்தில் ஒரு சட்டம் இயற்றி, உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி பொறுப்பேற்கலாம் என்று வகைசெய்தது. குடியரசுத் தலைவர் தேர்தலில் போட்டியிடுவதற்காகக் கிரி ஜூலை 20 அன்று விலக, தலைமை நீதிபதி எம். இதாயத்துல்லா அன்றே தற்காலிகக் குடியரசுத் தலைவரானார். விலகுவதற்கு முந்திய நாள், அதாவது ஜூலை 19 அன்று, கிரி கையொப்பமிட்ட அவசரச் சட்டம்தான் 50 கோடி ரூபாய்க்கு மேல் வைப்பு வைத்திருந்த 14 வங்கிகளை நாட்டுடைமையாக்கியது. வாழ்நாள் முழுவதும் வங்கியில் உழைத்த எனக்கு அந்த இரண்டு நாள்களும் இன்றும் மனத்துக்கு நெருக்கமானவை. இந்தியன் வங்கியும் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியும் அந்தப் பதினான்கில் உண்டு. 1921இல் தூத்துக்குடியில் நாடார் வங்கியாகப் பிறந்த தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி அந்த வரம்புக்குள் வரவில்லை. இதை வைத்தே பிள்ளைகளைத் தங்கள் ஊர்ப் பெரியவர்களிடம் பேச வைக்கலாம்.

இங்கே முதன்மையான ஆவணம் மத்திய அரசிதழ். நாட்குறிப்பைப் போல அது மணிக்கு மணி சொல்லாது. எந்த நாளில் எந்த அதிகாரத்தின்படி எது நடந்தது என்பதை மட்டும், சட்டத்துக்குத் தேவையான சொற்களில் சொல்லும். பொது ஆவணங்களைக் காக்க நமக்கு 1993ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. டெல்லி தேசிய ஆவணக் காப்பகம் தன் ஆவணங்களில் ஒரு பகுதியை அபிலேக் படல் என்ற இணையதளத்தில் ஏற்றிவருகிறது. நாடாளுமன்ற விவாதங்களும் அச்சில் உண்டு.

நேரக் கணக்கை இங்கேயும் மறக்க வேண்டாம். வாஷிங்டனின் ஜூலை 20, நமக்கு 20ஆம் தேதி காலை 9.30க்குத் தொடங்கி 21ஆம் தேதி காலை 9.30க்கு முடிகிறது. ஒரே தேதியை இரு நாட்டு ஆவணங்களிலும் பார்த்தவுடன் ஒரே நேரத்தில் நடந்ததாகப் பிள்ளைகள் எண்ணிவிடக் கூடாது.

இரண்டு நாட்டுத் தாள்களும் உண்மையிலேயே சந்திக்கும் நாள் வேண்டுமென்றால் 11 நாள் தள்ளிப் போங்கள். ஜூலை 31 அன்று நிக்சன் டெல்லிக்கு வந்தார்; அப்போது நம் நாட்டின் தற்காலிகக் குடியரசுத் தலைவர் இதே இதாயத்துல்லாதான். வெள்ளை மாளிகை நாட்குறிப்பு அதிபரின் வெளிநாட்டுப் பயண நாள்களுக்கும் உண்டு. அதை நம் செய்தித்தாள்களோடு வைத்துப் பார்த்தால் ஒரே அறையில் நடந்ததை இரு தரப்பும் எப்படிப் பதிந்தன என்று ஒப்பிடலாம்.

பதில்: பாளையங்கோட்டை நூலகர் (ஓய்வு)

வீரவநல்லூர் அண்ணாச்சி சொன்ன ஜூலை 31 அருமையான யோசனை. டீச்சர், நாட்குறிப்புப் பக்கங்கள் கலிஃபோர்னியாவில் யோர்பா லிண்டா என்னும் ஊரில் உள்ள நிக்சன் நூலகத்தின் இணையதளத்தில் தேதிவாரியாகக் கிடைக்கின்றன. கட்டணம் ஏதும் இல்லை. அமெரிக்க அரசு ஊழியர்கள் பணியின் பொருட்டு உருவாக்கிய ஆவணங்களுக்கு அந்நாட்டில் பதிப்புரிமை கிடையாது என்பதால் வகுப்புக்குத் தாராளமாக அச்செடுக்கலாம். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரே ஆவணத்தை மட்டும் கொடுத்து, அந்த நாளைத் தனித்தனியாக எழுதச் செய்த பிறகு எல்லோரையும் ஒன்றாக உட்கார வையுங்கள். பழைய நாளிதழ்களுக்குப் பாளையங்கோட்டை மாவட்ட மைய நூலகத்தில் முதலில் விசாரியுங்கள். பிள்ளைகளை அழைத்து வருவதாக இருந்தால் தேதிகளை முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுவது நல்லது. தொகுப்புகளை வெளியே எடுத்து வைக்க நேரம் பிடிக்கும்.